பாவு எடுத்தாச்சு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகனும் அவன் சிநேகிதர்களும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கையிலிருக்கும் வேலையை எடுத்துக்கொண்டு நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். இன்று ஓட்டுவது என்ன, நாளை வாங்கப்போவது என்ன என்று அவர்கள் பேசும் பேச்சில் ஒரு வார்த்தையும் புதிதில்லை. எல்லாம் ஒன்பது வயதிலேயே நான் கேட்டாகிவிட்டது. அம்மாவுக்குக் கார் என்றால் பயம் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பயமெல்லாம் இல்லை, வெட்கம். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் குடும்பத்துக்குக் கார் பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறிச்சத்தம் கேட்காத வீடு கிடையாது. மாமாவும் தறிக்குப் பிறந்தவர்தான். ஆனால் தறிக்குழியில் உட்கார்ந்தால் அவருக்கு அரைமணியில் முதுகு வலி வந்துவிடும். அதே முதுகு காருக்கு அடியில் பொழுதெல்லாம் மண்ணில் கிடக்கும், ஒரு வலியும் வராது. தறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்லை, அந்த இரும்புக்கு மட்டும் தலைமுழுக்காட்ட ஆள் இருக்குது என்று அப்பா முணுமுணுப்பார்.

தென்னேரியில் இருந்த தன் பங்கு நிலத்தை விற்று மாமா அந்த வண்டியை வாங்கினார். செங்கல்பட்டில் இருந்து மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுவிட்டுப் போனது. என்னைவிட மூத்த வண்டி. மேலே கித்தான் கூரை, பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை கிளம்பும். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். மாமாவின் வண்டிக்கு முன்னே வருவது புகை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், மற்ற நாட்களில் வாலாஜாபாத் வரை போகிறவர்களுக்கும் வாடகைக்கு ஓட்டினார். எனக்கு அது தங்கரதம்.

வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. காலை நேரம் எங்கள் தெரு பாவுக்குச் சொந்தம். மூன்று புடவை நீளத்துக்குப் பட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, இடையிடையே மூங்கில் கவைகளில் தாங்கவிட்டு, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயிலில் காயவைப்பார்கள். ஒரு வீட்டுப் பாவு என்றால் நாலு வீட்டுக்காரர்கள் வந்து கை கொடுப்பார்கள். பாவு எடுக்கிற வரை மாட்டுவண்டி சுற்றிக்கொண்டுதான் போகும். சாமி புறப்பாடு வந்தால்கூட முனையில் நின்று, பாவைச் சுருட்டிய பிறகுதான் உள்ளே வரும். அதனால் மாமாவின் கார் தெருமுனைக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றது.

அந்தப் புளியமரத்தடிக்கு ஞாயிறுதோறும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் டாக்டர். அவருடைய கார் சின்னது, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளின் முழங்கால் வெளியே இருக்கும். இன்னொருவர் அரிசி மில் முதலாளி. அவருடைய காரில் எங்கள் தெருவையே ஏற்றலாம். மருந்துக்குப் போனால் டாக்டர் வீட்டு வாசல்படிக்குக் கீழேதான் மாமா நிற்கவேண்டும். மில் முதலாளி வீட்டில் அதுவும் கிடையாது. ஆனால் புளியமரத்தடியில் டாக்டர் மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு இஞ்சினுக்குள் தலையை விடுவார். கார் பேச்சில் மட்டும் மூன்று பேரும் ஒரே சாதி. மாமாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாரம் என்பதை அந்த வயதிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மூவரில் ஒருவருக்கும் தன்னிடம் இருக்கும் வண்டியைப் பிடிக்காது. இருக்கிற வண்டியை மருமகளைப் போலவும் வரப்போகிற வண்டியை மகளைப் போலவும் பேசுவார்கள். மில் முதலாளி சென்னையிலிருந்து வண்ணப் படம் போட்ட புத்தகம் வரவழைத்திருந்தார். "இது ஆறு சிலிண்டர்தான்பா. அடுத்தது எட்டு" என்பார். கைப்பிடி சுற்றாமல் காலால் மிதித்தாலே கிளம்பும் வண்டிமேல் டாக்டருக்குக் கண். மாமாவுக்கு வேகமும் வேண்டாம், சொகுசும் வேண்டாம். அவர் கேட்டது பிரேக். அவருடைய வண்டியில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக், அதுவும் மனசு வைத்தால்தான் பிடிக்கும். புதிதாக வரும் வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டாம். அந்தப் படத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, எங்கள் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். "நம்ம வண்டி நெனச்ச எடத்துல நிக்கும்பா. முன்னால ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சிட்டு ஓட்டிக்கினு வந்தாலும் பழம் அசங்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாங்கப்போகிற வண்டியைத்தான் அவர் நம்ம வண்டி என்பார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நம்ம வண்டி ஒன்றே ஒன்றுதான், அது புளியமரத்தடியில் நின்றது.

கேட்டதை எல்லாம் நான் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொட்டுவேன். அவளும் நானும் ஒரே வகுப்பு. அவள் அப்பா என் அப்பாவைவிட வயதில் மூத்த நெசவாளி. உறவில்லை, தெரு வழக்கத்தில் எனக்குப் பெரியப்பா. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் முதல் வாக்கியம் முடிவதற்குள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார். அவர் மகள் அப்படியில்லை. "கார் கார்ன்னு சொல்லிக்கினே இருக்குறியே, ஒரு நாளாவது உங்க வீட்டு வாசலுக்கு வந்துக்குதா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான். அதனாலேயே கோபம் வந்தது. பாவு இருந்தாலும் எங்கள் வண்டி வரும், ஒரு சாண் தள்ளி நிற்கும், ஒரு இழையைக்கூடத் தொடாது என்றேன். சாமியே நிற்கிற இடத்தில் உங்க மாமா வருவாரா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மூன்று நாள் மென்றுகொண்டிருந்தேன்.

நாலாவது நாள் ஞாயிறு. மாமா வண்டிக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்திருந்தார். காமாட்சியம்மன் கோயிலில் பூஜை போட்டுவிட்டு, டாக்டரையும் முதலாளியையும் ஏற்றிக்கொண்டு வருவதாகத் திட்டம். அவ்வளவு பெரிய மனிதர்கள் முதல்முறையாக எங்கள் வீட்டில் வாய் நனைக்கப் போகிறார்கள் என்று அம்மா விடிவதற்கு முன்பே இட்லிக்கு அடுப்பை மூட்டியாகிவிட்டது. முனையில் இறங்கி நடந்து வருவார்கள் என்பது பேச்சு.

அன்றைக்குத் தெருவில் பெரியப்பாவின் பாவு. நல்ல அரக்கு நிறம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பட்டுக்கடைக்காரர் கொடுத்த பட்டு. எங்கள் தெரு நடுவில் ஒரு வளைவு உண்டு. பாவு வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் முனையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அதனால் முனையில் ஓர் ஆளை நிறுத்துவது வழக்கம். யார் வந்தாலும் கையை விரித்துக்கொண்டு "பாவு, பாவு" என்று கத்தவேண்டும். பெரியப்பா வந்து என் எதிரில் குந்தி உட்கார்ந்து சொன்னார். "பாப்பா, முனையில நில்லும்மா. நான் வந்து சொல்ற வரைக்கும் ஒரு வண்டியும் உள்ள விடாத." அவர் மகள் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் தலையாட்டினேன். பெரியவர்கள் வேலையை நம்பிக் கொடுத்தால் அந்த வயதில் வருகிற பெருமையும் வந்தது, பொய் சொல்லவில்லை.

மேகமூட்டமான நாள். பாவு காய நேரமாயிற்று. ஹாரன் சத்தம் கேட்டபோது பாவு இன்னும் ஈரம். பச்சை வண்டி மாலையும் சந்தனப்பொட்டுமாகப் புளியமரத்தடிக்கு வந்தது. எப்போதும்போல மாமா வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்ததும் வெளியே தலையை நீட்டினார். "பாவு இருக்குதா பாப்பா, எடுத்துட்டாங்களா?"

என் மனதில் ஒரு படம் ஓடியது. வண்டி வளைவைத் திரும்புகிறது. பாவுக்கு ஒரு சாண் முன்னால் நெனச்ச எடத்தில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி கஞ்சிப் பானையோடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள்.

"எடுத்தாச்சு மாமா, வா" என்றேன்.

மேகம் மூடிய நாளில் அந்த நேரத்துக்குப் பாவு எடுத்திருக்கமாட்டார்கள் என்று நெசவுக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா? மாமாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பின்சீட்டில் டாக்டரும் முதலாளியும் இருந்தார்கள். அவர்களைத் தன் அக்காள் வீட்டு வாசலில் இறக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்கும். ஹாரனை இரண்டு தரம் அமுக்கிவிட்டு உள்ளே ஓட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வளைவில் பெண்கள் கத்தினார்கள். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி நிற்கவில்லை. கஞ்சி சிந்திய மண்ணில் வழுக்கிக்கொண்டே போய்ப் பாவுக்குள் நுழைந்தது. மூங்கில் கவைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. அரக்குப் பட்டு முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நல்லவேளையாக ஆட்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டிருந்தார்கள். பெரியப்பா மாமாவைத் திட்டவில்லை, வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு "யாரும் இழுக்காதீங்க! இழுக்காதீங்கபா!" என்று கூவிக்கொண்டே சக்கரத்தின் அருகில் மண்டியிட்டார்.

டாக்டர் கீழே இறங்கி, யாருக்காவது அடி பட்டதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், "நல்ல காலம், ஒண்ணும் ஆகல" என்றார். பெரியப்பாவின் மனைவி சக்கரத்திலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதலாளி வண்டியை விட்டு இறங்காமலே, நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருந்திருந்தால் வளைவிலேயே நின்றிருக்கும், இந்தக் காலத்தில் பழைய வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாமாவுக்கு விளக்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு பேரும் இட்லி சாப்பிடாமலே நடந்து போய்விட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, புளியமரத்தடி வண்டியும் சுவரில் ஒட்டிய படத்து வண்டியும் ஒன்றில்லை என்று.

மத்தியானம் பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. எங்கள் தெருவின் கட்டு எல்லாருக்கும் தெரியும். முனையில் ஆள் நிறுத்தியிருந்தும் வண்டி நுழைந்தால் நட்டம் வண்டிக்காரனுக்கு. ஆள் நிறுத்தாமல் பாவு விரித்தால் நட்டம் பாவுக்காரனுக்கு. கூட்டத்துக்குக் கிளம்புமுன் அடுப்பங்கரையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் அழுததை நான் கேட்டேன். வண்டியை விற்றால்தான் ஈடு கட்ட முடியும், வண்டி போனால் தம்பி பிழைக்கமாட்டான் என்றாள். அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டுதான் நான் கோயிலுக்குப் போனேன்.

முனையில் யாராவது இருந்தார்களா என்று நாட்டாண்மைக்காரர் மாமாவைக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். "பாப்பா இருந்துச்சுங்க" என்றார். சற்று நிறுத்தி, "காவலுக்கு நின்னுச்சா, விளையாடிக்கினு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். எடுத்தாச்சு என்று நான் சொன்னதை அவர் சொல்லவில்லை. அது எனக்காகவா, வண்டிக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெரியப்பா, பாப்பாவை நான்தான் நிற்கச் சொன்னேன் என்றார். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று நான் மறைத்தேன். "என்னை யாரும் நிக்கச் சொல்லல. நான் சும்மா விளையாடிக்கினு இருந்தேன்" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். கஞ்சிப் பானையோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள். அவள் வாயைத் திறந்தாள். அவள் அப்பா அவள் தலையில் கையை வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

நாட்டாண்மைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பெரியவன் ஒன்று சொல்கிறான், குழந்தை ஒன்று சொல்கிறது, சாமியைத்தான் கேட்கவேண்டும் என்றார். தட்டில் கற்பூரம் கொளுத்தி என் முன்னால் நீட்டினார்கள். சொன்னது நிஜம் என்றால் பிள்ளையார் சாட்சியாகக் கையால் அடித்து அணைக்கவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்பது எங்கள் தெருவில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் சூடு பட்டது.

"வேணாங்க, நிறுத்துங்க" என்றார் பெரியப்பா.

எழுந்து வந்து கற்பூரத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஞாபகம் இருந்திருக்காது. பிறகு நாட்டாண்மைக்காரரிடம், "நான்தான் மறந்துட்டேங்க. சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல. பாப்பா சொல்றதுதான் சரி" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நட்டம் பாவுக்காரனுக்கு என்று முடிவாயிற்று. வண்டி தப்பித்தது. அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மாமா அந்த வண்டியை இன்னும் ஒரு வருஷம் ஓட்டினார். டாக்டரும் முதலாளியும் புளியமரத்தடிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். எட்டு சிலிண்டர் வந்துவிட்டது, அதற்கடுத்ததைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்தாயிற்று. மாமா மட்டும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த வண்டி எதுப்பா என்று அவரைக் கேட்டால், "இதுவே போதும்" என்பார். முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த படம் ஒரு நாள் காணாமல்போனது. யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அதற்குப்பிறகு மாமா என்னை வண்டியில் ஏற்றியதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

பெரியப்பா கடைக்காரரின் பட்டுக்கு ஈடாக ராத்திரி பகல் பார்க்காமல் கூலியில்லாமல் நெய்தார். வீட்டில் கை போதவில்லை. எதிர்வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டு, அப்பாவின் தறிக்கு ராட்டையில் ஊடை இழையைத் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சிலேட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் அவள் இடத்தில் நான் பையை வைத்துக்கொண்டேன். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் போனபிறகு நான் முதலாவதாக வந்தேன், வீட்டில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து போட்டார்கள். தின்றேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு விடியற்காலை, பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். தெருவில் அவருடைய அடுத்த பாவு. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, முனையில நில்லும்மா. நீ நின்னா எனக்குத் தெகிரியமா இருக்கும்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

அன்று நான் முனையில் நின்று ஒரு மாட்டுவண்டியை, இரண்டு சைக்கிளை, ஒரு தயிர்க்காரியைக்கூட உள்ளே விடவில்லை. தொண்டை கட்டிக்கொள்கிற வரை கத்தினேன். பாவு எடுத்தானதும் நேராக எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, உங்கப்பா மறுபடியும் என்னைத்தான் கூப்பிட்டாரு. அன்னிக்கு அவருதான் மறந்துட்டாரு, அவரே சொன்னாரு இல்ல?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ராட்டையும் நிற்கவில்லை.

எனக்கு உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் அதற்குள் நானே நம்பிவிட்டிருந்தேன். பெரியப்பாவுக்கு மறதி அதிகம், அன்றைக்கு நடந்ததைக்கூட மறந்துவிட்டுத்தான் என்னை மறுபடி கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாவம் மனுஷர் என்று அவர்மேல் இரக்கம்கூடப் பட்டேன்.